பெரியம்மாவின்ர கசற்றும் மூண்டு லிமிற்றரும்

கனநாளாய் இந்தப் பக்கம் தலை காட்டேல்லை. மாஸ்ரர்ஸ் படிக்கிற பெடியனுக்கு அப்பிடி என்ன வேலை எண்டு கேட்பியள். அசைன்மென்ற், பகுதிநேர வேலை, மிச்சம் நித்திரை. ஆனா போன மாதம் செய்த ஒரு வேலையைப் பற்றி எழுதாமல் விட்டால் மண்டை வெடிச்சிடும் போல கிடக்கு. கொஞ்சம் தொழில்நுட்பப் பதிவுதான். கணக்குக்குப் பயந்த ஆக்களும் தைரியமாய் வாசிக்கலாம், சமன்பாடு ஒண்டும் போடேல்லை :-)

நான் இருக்கிறது சென் ஜேம்ஸ் ரவுணில, பெரியம்மா வீட்டில. ரொறன்ரோ ஆக்களுக்கு இடம் தெரியும். ஷேர்போர்ன் தெருவுக்கும் பார்லிமென்ற் தெருவுக்கும் இடையில, 1960களில எழும்பின உயரக் கட்டடங்கள் ஒண்டோட ஒண்டு முட்டுற மாதிரி நிக்கும். எண்பதுகளிலயும் தொண்ணூறுகளிலயும் இங்க வந்து இறங்கின எங்கட சனத்தில கனபேருக்கு முதல் முகவரி இதுதான். பிறகு ஸ்காபரோ, மார்க்கம் எண்டு வீடு வாங்கிப் போயிட்டினம். பெரியம்மா மட்டும் அசையேல்லை. "சப்வே, லைப்ரரி, கடை எல்லாம் காலடியில கிடக்கு, நான் ஏன் போவான்?" எண்டுவா.

பெரியம்மாட்ட ஒரு கசற் இருக்கு. 1992 இல அம்மப்பா யாழ்ப்பாணத்தில இருந்து பேசி அனுப்பின கசற். அந்தக் காலத்தில கடிதத்துக்குப் பதிலாய்க் கசற்றில பேசி, கொழும்புக்குப் போற ஆரிட்டையும் குடுத்து விடுறது வழக்கம். கிட்டத்தட்ட அரை மணித்தியாலம் பேசியிருக்கிறார். முருங்கை காய்ச்சது, ஆடு குட்டி போட்டது, அங்க குளிருக்குக் காதை மூடிக்கொண்டு திரி எண்ட புத்திமதி, இப்பிடி. அம்மப்பா இப்ப இல்லை. அவற்ர குரல் எங்களிட்ட மிஞ்சியிருக்கிறது இந்த ஒரு கசற்றில மட்டும்தான்.

பிரச்சினை என்னெண்டால், அவர் மைக்குக்குத் தள்ளி இருந்து மெதுவாய்க் கதைக்கிறார். ஆனா இடைக்கிடை மைக்குக்கு நேர இருமுறார். சும்மா இருமல் இல்லை, சுருட்டு இருமல். பெரியம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், கருவி போட்டிருக்கிறா. கதை கேக்கவேணும் எண்டு சத்தத்தைக் கூட்டுவா. அடுத்த நிமிசம் ஒரு இருமல் வெடி மாதிரி வரும். பக்கத்து வீட்டுக்காரர் சுவரில தட்டுவார். பெரியம்மா பயந்து நிப்பாட்டிப் போடுவா. வருசக் கணக்காய் அந்தக் கசற்றை அவ முழுசாய்க் கேட்டதே இல்லை எண்டு எனக்கு இந்த வருசம்தான் தெரிஞ்சது.

"தம்பி, நீ சத்தத்தைப் பற்றித்தானே படிக்கிறாய், இதை ஒருக்கால் பார்க்க மாட்டியோ" எண்டு கேட்டா. நானும் பெரிய ஆள் மாதிரி "ஒரு லிமிற்றர் எழுதினால் சரி பெரியம்மா, ரண்டு நாள் வேலை" எண்டிட்டன். மூண்டு கிழமை போச்சு.

லிமிற்றர் எண்டால் என்ன?

டிஜிற்றல் ஒலியில ஒரு கூரை இருக்கு. 16 பிற் சீடியில ஒவ்வொரு சாம்பிளும் மைனஸ் 32,768 இல இருந்து 32,767 க்குள்ள ஒரு எண். அதுக்கு மேல எழுத இடமில்லை. 24 பிற் எண்டாலும் கூரை கூரைதான், கீழ்ப்பக்கம்தான் இன்னும் நுணுக்கமாகும். இந்தக் கூரையைப் பூச்சியம் டெசிபெல் எண்டு வைச்சு, மற்ற எல்லாத்தையும் மைனஸில சொல்லுவினம். எங்கட கசற்றைக் கொம்பியூற்றருக்கு ஏத்தினபோது இருமலின்ர உச்சி மைனஸ் 1 இல நிண்டுது, அம்மப்பாவின்ர கதை மைனஸ் 24 இல. கதை வடிவாய்க் கேக்க 18 டெசிபெல் கூட்டவேணும், அதாவது கிட்டத்தட்ட எட்டு மடங்கு. கூட்டினால் இருமல் கூரையைப் பிச்சுக்கொண்டு பிளஸ் 17 க்குப் போகும். கதையைத் தொடாமல், கூரைக்கு மேல போறதை மட்டும் அமத்திப் பிடிக்கிற ஆள்தான் லிமிற்றர்.

இது எங்கட ஆக்களுக்குப் புதுசு இல்லை. 90களில இங்க தமிழ் வானொலி கேக்கிறதுக்கெண்டு ஒரு தனி றேடியோப் பெட்டி வாங்கி வைச்சிருந்தது ஞாபகம் இருக்கோ? பெரியம்மாவின்ர குசினியில அது இப்பவும் கிடக்கு, வேலை செய்யாது. கீதவாணி மாதிரியான வானொலிகள் அப்ப எஸ்.சி.எம்.ஓ எண்ட முறையில வந்தது. ஒரு எஃப்.எம் நிலையத்தின்ர அலைவரிசைக்குள்ளயே, சாதாரண றேடியோவுக்குக் கேக்காத மேல் மூலையில, 67 அல்லது 92 கிலோஹேட்ஸில ஒரு துணை அலையை ஏத்தி அனுப்புறது. பெரிய வீட்டுக்குள்ள ஒரு அறையை வாடகைக்கு எடுத்த மாதிரி. வட அமெரிக்காவில எஃப்.எம் அலை நடுவில இருந்து 75 கிலோஹேட்ஸுக்கு மேல விலகக் கூடாது எண்டது பொது விதி. அதில துணை அலைக்குக் கிடைக்கிறது பத்தில ஒரு பங்கு அளவுதான். அவ்வளவு சின்ன இடத்துக்குள்ள அறிவிப்பாளர் உற்சாகத்தில கத்தினால் அலை வரம்பை மீறும், சத்தம் கரகரக்கும். அதாலதான் ஒலிபரப்பில லிமிற்றர் ஆடம்பரம் இல்லை, கட்டாயம்.

பெரியம்மாவின்ர காதுக் கருவிக்குள்ளயும் ஒரு லிமிற்றர் இருக்கு. கதவு அடிபட்டால் அந்தச் சத்தம் காதைப் பதம் பாக்காமல் அதுதான் தடுக்குது. ஆக எல்லா இடத்திலயும் இந்தச் சாமான் இருக்கு, நாங்கள்தான் கவனிக்கிறேல்லை.

மூண்டு லிமிற்றர்

பைதனில மூண்டு விதமாய் எழுதினன்.

முதலாவது சும்மா வெட்டு. கூரைக்கு மேல போற எண் எல்லாத்தையும் கூரையிலயே நிப்பாட்டுறது. ஒரே ஒரு வரி. வட்டமான அலையின்ர தலையைக் கத்தியால சீவின மாதிரி இருக்கும். சீவின இடத்தில புதுசாய் மேல் சுரங்கள் முளைக்கும். அதில சாம்பிள் வேகத்தின்ர பாதியைத் தாண்டிப் போறது கீழ மடிஞ்சு வந்து, சம்பந்தமில்லாத சுரமாய்க் கேக்கும். இருமல் இருமலாய்க் கேக்காமல் கடதாசி கிழியிற மாதிரிக் கேட்டுது.

ரண்டாவது, பழைய காலத்து அனலொக் பெட்டிகளைப் பாத்துச் செய்தது. உச்சி வந்த உடன சத்தத்தைக் குறைக்கும், உச்சி போன உடன பழையபடி கூட்டும். குறைக்க எடுக்கிற நேரம் அற்றாக், திரும்பி வர எடுக்கிற நேரம் றிலீஸ். 1967 இல பில் புட்னம் வடிவமைச்ச 1176 எண்ட பெட்டி இந்த வகைதான். அதின்ர ஆகக் குறைஞ்ச அற்றாக் 20 மைக்கிரோசெக்கன். ஸ்ரூடியோக்காரர் இப்பவும் அதைக் கும்பிடுவினம். ஆனா எவ்வளவு கெதி எண்டாலும் உச்சி வந்த பிறகுதான் அது முழிக்கும். அதுக்குள்ள முதல் துண்டு கூரையைத் தாண்டியிருக்கும். எனக்கு இது காணாது.

மூண்டாவதுதான் டிஜிற்றலின்ர வரப்பிரசாதம், முன்பார்வை லிமிற்றர். பஸ் ஓட்டுறவர் வேகத்தடையைத் தூரத்திலயே கண்டிட்டு முன்கூட்டியே மெதுவாக்கிற மாதிரி. ஒலியை 5 மில்லிசெக்கன் பிந்தி வெளியில விடுறது, கணக்கை மட்டும் பிந்தாமல் பாக்கிறது. செக்கனுக்கு 48,000 சாம்பிள் எண்டால் 5 மில்லிசெக்கன் 240 சாம்பிள். ஒவ்வொரு சாம்பிளுக்கும், இது கூரைக்குள்ள வர எவ்வளவால பெருக்கவேணும் எண்டு ஒரு எண் எடுக்கிறது. அந்த எண்களில 240 சாம்பிள் நீள யன்னலுக்குள்ள ஆகச் சின்னதைப் பிடிக்கிறது. பிறகு அதே நீளத்துக்குச் சராசரி எடுத்து வழுவழுப்பாக்கிறது. உச்சி வெளியில வாற நேரம், சராசரிக்குள்ள இருக்கிற எல்லா எண்ணும் அந்த உச்சிக்குத் தேவையான எண்ணை விடக் கூடாமல்தான் இருக்கும். அதால ஒரு சாம்பிளும் கூரையைத் தாண்டாது. இதைக் கடதாசியில நிறுவிப் போட்டுப் படுத்த அண்டைக்கு நல்ல நித்திரை வந்தது. 1994 இல வந்த வேவ்ஸ் எல்1 எண்ட மென்பொருள் இந்த முன்பார்வையை ஸ்ரூடியோக்களில பிரபலமாக்கினது.

ஒரு சின்னப் பொறி இதிலயும் இருக்கு. சாம்பிள் கூரைக்குள்ள நிண்டாலும், ரண்டு சாம்பிளுக்கு நடுவில அலை அதை விட உயரமாய்ப் போகலாம். சாம்பிள் வேகத்தின்ர கால் பங்கில ஒரு சைன் அலையைப் பொருத்தமான கோணத்தில வைச்சால், எல்லாச் சாம்பிளும் உண்மையான உச்சியை விட 3 டெசிபெல் கீழ நிக்கும். அதால ஐ.ரி.யூ வின்ர பி.எஸ். 1770 நியமம் நாலு மடங்கு சாம்பிள் கூட்டி உச்சியைத் தேடச் சொல்லுது. நானும் அப்பிடித் தேடி, கூரையை மைனஸ் 1 இல வைச்சன்.

ஆர் வெண்டது?

ஒப்பிடுறதில முதல் பிழை நான் விட்டது சத்த அளவில. மூண்டையும் அ, ஆ, இ எண்டு பேர் போட்டுப் பெரியம்மாவுக்குப் போட்டுக் காட்டினன். "ஆ" தான் நல்லது எண்டா. பிறகு அளந்து பாத்தால் "ஆ" மற்றதை விட 2 டெசிபெல் பெலமாய் இருந்திருக்கு. மனுசக் காது பெலமானதை நல்லது எண்டு எடுத்துக்கொள்ளும். சீடிக் கம்பனிகள் வருசக் கணக்காய் இதை வைச்சுத்தான் சண்டை பிடிச்சவை. 2008 இல வந்த மெற்றாலிக்காவின்ர டெத் மக்னெற்றிக் அல்பத்தை அளவுக்கு மீறி நசிச்சுப் போட்டினம் எண்டு ரசிகர்களே குழம்பினது ஞாபகம் இருக்கும். ரீவி விளம்பரங்களும் இதே வித்தையைக் காட்டினதாலதான், 2012 செப்ரெம்பர் 1 இல இருந்து விளம்பரம் நிகழ்ச்சியை விடப் பெலமாய் இருக்கக் கூடாது எண்டு சி.ஆர்.ரி.சி இங்க விதி கொண்டு வந்தது. ஆக, லிமிற்றர் ஒப்பிடுற ஆக்கள் முதலில சத்த அளவைச் சமனாக்குங்கோ. இல்லாட்டி நீங்கள் ஒப்பிடுறது லிமிற்றரை இல்லை, வொலியூமை.

அடுத்தது றிலீஸ். பாடப்புத்தக வழியில 100 ஹேட்ஸ் சைன் அலை ஒண்டைக் கூரைக்கு மேல 6 டெசிபெல் தள்ளி அளந்தன். றிலீஸ் 20 மில்லிசெக்கன் எண்டால், லிமிற்றர் ஒவ்வொரு அரை அலைக்கும் ஏறி இறங்கி அலையின்ர வடிவத்தையே மாத்துது, 300 ஹேட்ஸில ஒரு புதுச் சுரம் எழும்புது. 800 மில்லிசெக்கன் எண்டால் அசையாமல் நிக்குது, அலை சுத்தமாய் வருது. வரைபடத்தில வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். சரி, 800 தான் எண்டு முடிவெடுத்து, முன்பார்வை லிமிற்றரால முழுக் கசற்றையும் ஓட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பெரியம்மாவுக்குப் போட்டன்.

இருமல் வெடிக்கேல்லை. சுவர் தட்டுப்படேல்லை. அம்மப்பாவின்ர கதை தெளிவாய் வந்தது. நான் பெருமையாய்த் தேத்தண்ணியோட இருக்கிறன்.

பத்து நிமிசம் கேட்டிட்டுப் பெரியம்மா சொன்னா: "எல்லாம் நல்லாய்த்தான் கிடக்கு தம்பி. ஆனா கொம்மா ஏன் நிண்டு நிண்டு சுத்துறாள்?"

எனக்கு விளங்கேல்லை. அம்மா எங்க இதுக்குள்ள வந்தவ?

பிறகுதான் சொன்னா. 1990 இல இருந்து யாழ்ப்பாணத்தில கறண்ட் இல்லை, பற்றறிக்கும் தடை. றேடியோ கேக்கவேணும் எண்டால் சைக்கிளை ஸ்ராண்டில விட்டு, பெடலைக் கையால சுத்தி, டைனமோவில கறண்ட் எடுக்கிறது. சைக்கிள் டைனமோ 6 வோல்ற், 3 வாற். ஒரு சின்ன ரேப் றெக்கோடருக்கு அது போதும். அம்மப்பா அரை மணித்தியாலம் பேச, அந்த அரை மணித்தியாலமும் பெடலைச் சுத்தினது என்ர அம்மா. அப்ப அவவுக்குப் பதினேழு வயது. கசற்றின்ர பின்னணியில ஒரு "கிர்ர்" எண்ட சத்தம் இருக்கு. நான் அதை ரேப் இரைச்சல் எண்டு நினைச்சு, எப்பிடிச் சுத்தம் பண்ணலாம் எண்டு யோசிச்சுக்கொண்டிருந்தனான்.

"அவள் கை மாத்தினாளே ஒழிய நிப்பாட்டினதே இல்லை. நிப்பாட்டினால் ஐயான்ர குரல் நிண்டு போமெல்லே" எண்டா பெரியம்மா.

அறைக்குப் போய்க் கழிச்சல் சோதனை செய்து பாத்தன். மூல ஒலியை அதே அளவு கூட்டி, அதே 240 சாம்பிள் பிந்த வைச்சு, அதில இருந்து லிமிற்றர் வெளியில விட்டதைக் கழிக்கிறது. மிச்சம் வாறதுதான் லிமிற்றர் எடுத்து எறிஞ்சது. நியாயமாய் அதுக்குள்ள இருமல் மட்டும் இருக்கவேணும். போட்டுக் கேட்டால் இருமல், அதுக்குப் பின்னால சைக்கிள், சைக்கிளோட அம்மப்பா இருமி முடிச்சுச் சொல்லுற முதல் சொல். கனதரம் அந்தச் சொல் "பிள்ளை".

நடந்தது இதுதான். இருமலுக்கு 18 டெசிபெல் குறைச்ச லிமிற்றர், இருமல் முடிஞ்ச பிறகும் ஆறுதலாய்த்தான் திரும்பி வருது. 0.8 செக்கன் கழிச்சும் இன்னும் 6, 7 டெசிபெல் கீழ நிக்குது. அந்த நேரம் சைக்கிள் சத்தமும் அமுங்கிப் பிறகு மெல்ல எழும்புது. கேக்கிற ஆளுக்குச் சுத்துறவ களைச்சு நிண்டிட்டுத் திரும்பத் தொடங்கின மாதிரி இருக்கும். மூலக் கசற்றில அப்பிடி இல்லை. அந்த றெக்கோடர் தானாய் அளவைக் குறைக்கிற வகையும் இல்லை, இருமலுக்குப் பிறகும் சைக்கிள் ஒரே அளவில ஓடுறதை அலையில பாத்து உறுதிப்படுத்தினன்.

என்ன செய்தன்?

றிலீஸை 40 மில்லிசெக்கனுக்கு இறக்கினன். சைன் அலைச் சோதனையில இது தோற்கும், உண்மை. ஆனா எங்கட கசற்றில கூரைக்கு மேல போறது இருமல் மட்டும்தான், கதை மைனஸ் 6 க்குள்ள நிக்குது. அதால கெடுறது இருமல் மட்டும். இருமல் கொஞ்சம் கரகரத்தால் ஆருக்கு என்ன? அதோட, ஒரு பெரிய சத்தம் முடிஞ்ச பிறகு நூறு, இருநூறு மில்லிசெக்கனுக்குக் காது சின்னச் சத்தத்தைப் பிடிக்காது. அந்த இடைவெளிக்குள்ள லிமிற்றர் பெரும்பாலும் திரும்பி வந்திட்டால் ஆரும் கண்டுபிடிக்கேலாது. கூட்டின அளவையும் 18 இல இருந்து 12 ஆக்கினன், மிச்சத்தைப் பெரியம்மா வொலியூமில பாக்கட்டும். திரும்பக் கழிச்சுப் பாத்தால் எறிஞ்சதுக்குள்ள இருமல்தான். சைக்கிள் இல்லை எண்டே சொல்லலாம்.

நான் விட்ட பிழை கணக்கில இல்லை. எதை வைச்சு அளந்தன் எண்டதில. சைன் அலை ஒருநாளும் இருமாது, அதுக்குப் பின்னால ஆரும் பெடல் சுத்துறதும் இல்லை. லிமிற்றர் எழுதுற, வாங்கிற, ஒப்பிடுற ஆக்களுக்கு என்ர அனுபவத்தில ஒண்டு சொல்லுவன்: வெளியில வாறதை மட்டும் கேக்காதேங்கோ, அது எறிஞ்சதையும் ஒருக்கால் போட்டுக் கேளுங்கோ. அதுக்குள்ள ஆர் இருக்கினம் எண்டு பாருங்கோ.

போன சனிக்கிழமை பெரியம்மா கசற் முழுவதையும் ஒரே இருப்பில கேட்டா. முடிஞ்ச உடன யாழ்ப்பாணத்துக்கு வட்ஸ்அப்பில அம்மாவைக் கூப்பிட்டு, ஃபோனை ஸ்பீக்கருக்குக் கிட்டப் பிடிச்சுக் கொஞ்சம் போட்டுக் காட்டினா. அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திட்டு, "கை நொந்தது இப்பவும் ஞாபகம் இருக்கு" எண்டா. ஃபோனுக்குள்ளால சைக்கிள் அவவுக்குக் கேட்டிருக்குமோ தெரியாது. அதுக்குள்ளயும் ஆரோ எழுதின ஒலி வடிகட்டி ஒண்டு இருக்கே.

பி.கு 1: ரேப் இரைச்சல் எண்டு நினைச்சு நான் எழுதி வைச்ச வடிகட்டியை அழிச்சிட்டன்.

பி.கு 2: உங்கட வீட்டிலயும் இப்பிடிக் கசற் இருந்தால் கெதியாய்க் கொம்பியூற்றருக்கு ஏத்துங்கோ. 24 பிற்றில ஏத்துங்கோ, உச்சி கூரையில முட்டாமல் கொஞ்சம் இடம் விடுங்கோ. ஏத்தின மூலத்தில ஒண்டும் செய்யாமல் அப்பிடியே ஒரு பிரதி எடுத்து வையுங்கோ. லிமிற்றர் எப்பவும் பிறகு போடலாம், போட்டதைக் கழட்டேலாது.